ஓய்வுக்குப் பின் ஊர்: ஒரு பொறுப்பைக் கையேற்பது பற்றி

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கம் தொடங்கிய காலத்தில் முப்பதுகளில் இருந்தவர்களில் பலர் இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள்; மற்றவர்கள் ஓய்வை எதிர்நோக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் படித்து முடித்துத் தத்தம் குடும்பத்தோடு தனியே போய்விட்டார்கள், வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது, இனி என்ன என்ற கேள்வியை அண்மையில் என்னோடு தொலைபேசியில் பேசிய பலரும் ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பேசிய அண்ணன் ஒருவர், காலையில் குளித்து உடை மாற்றிக்கொண்டால் போவதற்கு ஓர் இடம் இல்லை என்றார். துபாயில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்ட மற்றொருவர், ஊரிலும் தம்மை யாரும் எதற்கும் தேடி வருவதில்லை என்று வருந்தினார். இந்தக் கேள்விக்கு ஊர்ப்பணி விடையாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நன்கொடை அனுப்புவதே ஊர்ப்பணி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வரையில் அந்த விடை நம் கைக்கு வராது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

இதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய கல்வி நிலையங்களில்தான் நம்மில் பாதிப் பேர் படித்தோம். இங்கிலாந்தில் சட்டம் படித்து பாரிஸ்டரானவர், விமானம் ஓட்டக் கற்றவர், கேரளத்து நூற்பாலை முதல் விமானப் போக்குவரத்து வரை பல தொழில்களை நடத்தியவர். 1947-இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், வசதி படைத்தோர் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டபோது, காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரி தொடங்குவதாக அந்த அரங்கிலேயே அறிவித்தார். அந்த ஆண்டே காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. இன்று நாம் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. 1957 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அவருக்கு 48 வயது நிறைவடைய ஒரு நாள் மீதமிருந்தது.

அவரை நாம் வள்ளல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது உண்மைதான் என்றாலும், அவர் கொடுத்த தொகைகளைவிட அந்தக் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் வாழ்ந்த விதமே என்னை மிகவும் ஈர்க்கிறது. பல நாடுகளிலும் பல தொழில்களிலும் கால் வைத்திருந்த ஒருவர், உடல் நலிந்திருந்த அந்த ஆண்டுகளில் தம் கவனம் முழுவதையும் ஓர் ஊரின் மீதும் ஒரே பணியின் மீதும் குவித்தார். மழலையர் பள்ளி முதல் பொறியியற் கல்லூரி வரை ஒரே வளாகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது அப்படித்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தால் ஒரு கல்லூரிக் கட்டடம் நின்றிருக்கும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு வித்தாகியிருக்காது.

அழகப்பரைப் போலக் கொடுக்க நம்மில் யாருக்கு இயலும் என்று கேட்பீர்கள். அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கிய அவரிடம் பெருஞ்செல்வம் ஏதும் இல்லை. பழைய புத்தகங்களையும் இதழ்களையும் தேடித் தேடி வாங்கினார். பிறர் குப்பை என்று ஒதுக்கும் நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். பூச்சி அரிக்காமல் காத்தார். பொருள்வாரியாகப் பிரித்து வைத்தார். ஐயம் கேட்டு எழுதிய ஆராய்ச்சியாளர்களுக்குக் குறிப்பெடுத்து அனுப்பினார். 1992-இல் அவர் காலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிற அச்சுப் பொருள்களும் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்று, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைய வழி செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் எவரும் அந்த நூலகத்தின் வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. ஒருவர் ஏறக்குறைய தம் வாழ்நாள் முழுவதும் ஒரே வேலையை விடாமல் செய்ததன் பயன் அது.

இந்த இருவரையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாழ்க்கைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்ற நிறைவு, கொடுத்த தொகையின் அளவைப் பொறுத்து வருவதில்லை. இது என் வேலை, நான் பார்க்காவிட்டால் இது நின்றுவிடும் என்று ஒன்றைச் சொல்ல முடிகிற நிலையில் அது வருகிறது. விருதுநகரில் பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலையில் போடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்தார்கள். அவ்வாறு சேர்ந்த அரிசியைக் கொண்டு நடந்த சத்திரிய வித்யாசாலையில்தான் காமராசர் படித்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கும் தினமும் அந்தக் கலயத்தில் கைவைக்கும் நேரத்தில் பள்ளிக்கூடத்தின் நினைப்பு வந்திருக்கும், அது தம்முடைய பள்ளி என்ற உரிமையும் இருந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துபோகும் சந்தாவில் அந்த உரிமை எப்படி வரும்?

நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு கூட்டாகப் பணம் போட்டு அமைத்தது அது. தொடக்கத்தில் நன்றாகவே ஓடியது. பிறகு வடிகட்டி அடைத்துக்கொண்டது. புது வடிகட்டியைக் காரைக்குடிக்குப் போய் வாங்கி வருவது யார், கழித்து வெளியேறும் உப்புநீரை எங்கே விடுவது, மின்கட்டணத்தை ஊராட்சி கட்டுமா, நாணயப் பெட்டியில் விழும் காசுக்குக் கணக்கு எழுதுவது யார் என்ற எதற்கும் ஆள் குறிக்கப்படவில்லை. இப்போது நாணயம் போடும் துளையில் குளவி கூடு கட்டியிருக்கிறது. கொடுத்தவர்கள் மீதோ ஊரிலிருப்பவர்கள் மீதோ குறை சொல்ல இதை எழுதவில்லை. பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கருவியும் நிற்காது என்பதை நாம் எல்லோரும் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம்.

குன்றக்குடி அடிகளார் 1977-இல் தம் ஊரில் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் சிக்ரி அறிவியலாளர்களின் துணையோடு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார். மண், நீர், விளைபொருள், வேலையில்லாத கைகள் ஆகியவற்றை அறிந்த பிறகுதான் எந்தத் தொழிலைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தார். அந்த முயற்சி நாடளவில் குன்றக்குடித் திட்டம் என்று பேசப்பட்டது. ஒரு சமயத் தலைவர், மடத்தில் இருந்தபடியே ஆசி வழங்காமல், ஊரைக் கணக்கெடுப்பதிலிருந்து பணியைத் தொடங்கினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அழகப்பர் தம் முயற்சியால் கொண்டுவந்த ஆய்வகம், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பக்கத்து ஊரின் வறுமையைத் தீர்க்கும் முயற்சிக்குத் துணை நின்றது. தொடர்ந்து செய்யப்படும் நற்பணி எந்தத் திசையில் போய்ப் பயன் தரும் என்பதை அதைத் தொடங்கியவரால்கூட அறிய முடியாது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஊர் என்று நாம் பேசும்போது பலருக்கும் மனத்தில் வருவது தாம் பிறந்த தெருவும் தம் கோயிலும்தான். நம் வட்டாரத்து ஊருணிகளில் எல்லோரும் நீர் எடுக்க முடியாத காலம் இருந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே சங்கம் எடுக்கும் எந்தப் பணியும் காலனியில் இருக்கும் பிள்ளைக்கும் அதே அளவில் போய்ச் சேர்கிறதா என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துகிறேன். நம் ஊர் நடுநிலைப் பள்ளியில் இன்று படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கிருந்து வருகிறவர்களே. மற்ற வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறிக் காரைக்குடி ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பள்ளியில் நடந்துவரும் ஒன்றை உங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தேசிய வருவாய் வழி திறன் படிப்புதவித் தேர்வு என்ற ஒன்று உண்டு; ஆசிரியர்கள் அதை என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாதவர்கள் எழுதலாம். தேர்ந்தெடுக்கப்படும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம், நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள், படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்கள். இரண்டாவதைப் பள்ளிப் பாடத்தைக் கொண்டே எதிர்கொள்ளலாம். முதலாவது அப்படியன்று, எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், திசை, உறவுமுறைப் புதிர் போன்றவற்றை யாராவது உடனிருந்து பழக்கினால்தான் வரும். நகரத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நம் பள்ளியில் அதற்கென்று தனி ஆசிரியர் இல்லை.

மஸ்கட்டில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் தலைமையாசிரியை தம் கைபேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து மேசைமேல் வைக்க, பிள்ளைகள் நான்கைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர் கையால் எழுதிய வினாத்தாளை வெள்ளிக்கிழமையே படமெடுத்து அனுப்பிவிடுகிறார். ஒரு பெண் சில வாரங்களாக வரவில்லை என்று தெரிந்ததும் விசாரித்தார். தாய் நூறு நாள் வேலைக்குப் போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. தம்பியையும் அழைத்துக்கொண்டு வரலாம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். பிறகு அந்தச் சிறுவனும் அக்காள் பக்கத்தில் அமர்ந்து, எண் தொடரில் அடுத்து வரும் எண்ணைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டான். சென்ற தேர்வில் அந்தப் பெண் தேர்வு பெற்றாள்.

அவருடைய மகள் என்னிடம் சொன்னது இது: அப்பா முன்பெல்லாம் நாள் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார், இரத்த அழுத்த மாத்திரை பற்றி மட்டுமே பேசுவார், இப்போது வெள்ளிக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேசை முழுவதும் அவருடைய காகிதங்கள், பேரனைக் கூப்பிட்டு அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். அவர் ஊருக்கு அனுப்பிய பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் தேவைப்படுகிறார், அது அவருக்குத் தெரிகிறது.

பணம் அனுப்ப விரும்புவோர் அனுப்பலாம், தடையில்லை. ஆனால் சட்டம் தெரிந்து அனுப்ப வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு மூலமாகவே கொள்ளப்படுவார்கள். அவர்களிடமிருந்து ஊரிலுள்ள ஓர் அமைப்பு பணம் பெற வேண்டுமானால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அரசுப் பள்ளிக்குக் கட்டடமோ கருவியோ தர நினைப்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. நேரத்தையும் கற்ற கல்வியையும் தருவதற்கு இவை எதுவும் குறுக்கே நிற்பதில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அடுத்து நான் பெரிதும் கவலைப்படுவது நம் வீடுகளில் கிடக்கும் காகிதங்களைப் பற்றி. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், பேரேடுகள், ஐந்தொகைகள், மொய் நோட்டுகள் பல பூட்டிய வீடுகளில் இருக்கின்றன. வீடு விலைபோகும்போது தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. காகிதம் எடைக்குப் போய்விடுகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் நம் சகோதரி ஒருவர், படமெடுத்து அனுப்பினால் படித்து, ஆண்டும் ஊரும் குறித்து அட்டவணைப்படுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய கையெழுத்தையும் தமிழ் எண்களையும் படிக்கத் தெரிந்த ஆச்சிமார், ஐயாமார் யாராயினும் அவருக்குத் துணையாக வேண்டும். இளம் பிள்ளைகளுக்கும் இதில் வேலை உண்டு. இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தங்கள் பாட்டனார் வீட்டுப் பெட்டியைத் திறந்து படமெடுத்தால் போதும்.

இப்போது வேண்டியவை இவை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சி தொடங்கும். அறிவியலுக்கு ஒருவரும் சமூக அறிவியலுக்கு ஒருவரும் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்தியச் சனிக்கிழமை காலை என்பது அங்கே வெள்ளி இரவாக இருக்கும் என்பதைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்பவர்கள் தேர்வு முடியும் வரை இடையில் விடாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். குடிநீர் நிலையத்தைப் பொறுத்தவரை, ஊருக்குத் திரும்பிவிட்ட துபாய் அண்ணனிடம் நேற்றுக் கேட்டேன். ஊராட்சித் தலைவரைப் பார்த்துப் பேசிவிட்டு, பழுது பார்க்க என்ன ஆகும் என்று விவரமாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதும் வரையில் அதற்காக யாரும் பணம் அனுப்ப வேண்டாம். பயிற்சிக்கு வர விரும்புவோர் எந்தப் பாடம், எந்த நேரம் என்று குறிப்பிட்டு இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். தலைமையாசிரியைக்கு நான் தெரிவிக்கிறேன்.