புதுப்பிப்பு: குளிரில் மோட்டார்ஹோம் ஹீட்டர் நின்றுபோன பிரச்சினை தீர்ந்தது

பணி ஓய்வுக்குப் பிறகு குளிர்காலத்தில் நானும் வீட்டுக்காரரும் மோட்டார்ஹோமில் (சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள வண்டி) கிளம்பிவிடுவோம். விடியற்காலையில் ஹீட்டர் நின்றுவிடுகிறது, அடுப்பிலும் தீ சோர்ந்து எரிகிறது, சிலிண்டரிலோ பாதி கேஸ் இருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பர்னரைச் சுத்தம் செய்ததில் பலனில்லை. ரெகுலேட்டரை மாற்றியும் அதே கதைதான். கைகொடுத்தது, "கலவை சிலிண்டரை விட்டு முழு புரொப்பேனுக்கு மாறுங்கள்" என்ற யோசனை. எங்கள் சிலிண்டரில் இருந்தது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேஸ். பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே குளிர்ந்தால் திரவமாகவே கிடக்கும், அழுத்தம் வராது. புரொப்பேனுக்கு அது மைனஸ் 42. கலவையில் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும், அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். பாதி இருந்தும் தீ வராத மர்மம் இதுதான்! மாற்றிய பிறகு உறைபனியிலும் ஹீட்டர் நிற்கவில்லை. உங்கள் ரெகுலேட்டர் புரொப்பேனுக்கு ஏற்றதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: அடுப்பு நன்றாக எரியத் தொடங்கியதும் ஜன்னலெல்லாம் நீர் வழிந்தது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வருமாம். ஹீட்டரின் புகை வெளியே போய்விடுகிறது, அடுப்பின் ஆவி உள்ளேயே தங்குகிறது. சமைக்கும்போது கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம், குறைந்தது.

அடுப்பையே பற்றவைத்துக் குளிர்காயலாம் என்று ஒருவர் சொன்னதை நாங்கள் செய்யவில்லை. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். நீங்களும் செய்ய வேண்டாம்.