பெரிய சனி இரவுக்கு இசைக்குழு வேண்டுமா?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களே,

அடுத்த வருஷம் பெரிய சனி இரவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசைக்கு, வெளியூர் இசைக்குழுவும், கோவில் முற்றத்தில் பெரிய எல்.இ.டி. திரையும் ஏற்பாடு செய்ய நம்மூர்க்காரர் சங்கம் பணம் கொடுக்கலாம் என்று சவூதியில் தம்மாமில் இருக்கும் தம்பி எழுதியிருந்தான். பதில் போட்ட எல்லோரும் சரி என்றே சொல்லியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். பணம் கொடுப்போம். ஆனால் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு தொடங்கும்வரை அந்த இரவுக்கு இசைக்குழு வேண்டாம். அதற்கப்புறம் எவ்வளவு சத்தம் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

இது என் தனிப்பட்ட ரசனை இல்லை. பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது மணி அடித்து ஓயும். பெரிய சனி இரவு அதே பாட்டு திரும்ப வரும்வரை மணி கிடையாது. அதுவரை ஆர்கனோ வேறு கருவியோ பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம் என்று திருப்பலி நூலே சொல்கிறது. வெள்ளிக்கிழமை மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவதும் இதனால்தான். அப்படியிருக்க, நம்மூரில் புதுத் தீ பற்றும் முன்னாலேயே ஒலிபெருக்கியில் கீபோர்டு வந்துவிடுகிறது. சாமியார் பாஸ்கா திரியை, அதாவது அந்த இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, உயர்த்தி ‘கிறிஸ்துவின் ஒளி’ என்று பாடுகிறார், பின்னணியில் சினிமாவில் கதாநாயகன் அறிமுகமாகும் இசை. ‘இறைவா உமக்கு நன்றி’ என்று மக்கள் பதில் பாடுவது யாருக்குக் கேட்கும்? மூன்றாவது முறை பாடும்வரைக்காவது கோவிலில் ஒரு விளக்கும் எரியக்கூடாது. எல்.இ.டி. திரை போட்டால் அந்த இருட்டும் போச்சு.

அடுத்து அந்தத் திரி. கோவிலில் இப்போது நிற்பது உண்மையில் திரியே அல்ல, உள்ளே எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழாய். வருஷா வருஷம் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுகிறார்கள். பாஸ்கா திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும், போலியாக இருக்கவே கூடாது என்று 1988-ல் வத்திக்கானிலிருந்து வந்த சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தத் திரியின் முன்னால் நின்று பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீக்களுக்கே ஓர் இடம் உண்டு, அவை தந்த மெழுகைச் சொல்லித்தான் திரியைக் கடவுளுக்குக் காணிக்கையாக்குகிறோம். மார்த்தாண்டம் தேன் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ரப்பர் புதுத் துளிர் விடும் மாசி, பங்குனியில்தான் நம் பக்கம் தேன் பெருகும், அதாவது தவக்காலத்தில். ஊரைச் சுற்றித் தேன்பெட்டியை வைத்துக்கொண்டு நாம் பிளாஸ்டிக் குழாய்க்கு முன் தேனீயைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்! முதல் செலவு இதற்குத்தான் என்பது என் கட்சி.

அந்தப் புகழுரையை நம்மூரில் முழுதாகப் பாடிக் கேட்டே ரொம்ப காலமாகிவிட்டது. சுருக்க வடிவத்தை வேகமாக வாசித்து முடித்துவிடுகிறார்கள். முழுசாகப் பாடினாலும் பத்து நிமிடம்தான் ஆகும். திருத்தொண்டர் (டீக்கன்) இருந்தால் அவர் பாடுவார், இல்லாவிட்டால் சாமியார். அதுவும் முடியாவிட்டால் பொதுநிலையினர் ஒருவர் பாடலாம், ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ போன்ற சில வரிகளை மட்டும் விட்டுவிட வேண்டும். ஆகவே பாடகர் குழுவில் நல்ல குரல் உள்ள ஒரு பெண்பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கலாம். தாளம் கிடையாது, வாசகத்தின் மூச்சுக்கு ஏற்ப ஒற்றைக் குரல் ஏறி இறங்கும். நமக்கு இது அந்நியமும் இல்லை. நற்கருணை ஆசீரில் ‘மாண்புயர் இவ்வருட்சாதனத்தை’ எல்லோரும் பாடுகிறோமே, அது 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் எழுதிய லத்தீன் பாட்டின் தமிழ். கரண்டு போய்விட்டால்கூட ஊர் முழுக்க அதைத் தடுமாறாமல் பாடும்.

லண்டன் அக்கா ஒருபடி மேலே போய், எல்லாவற்றையும் லத்தீனுக்கே மாற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா, அவ்வளவு தூரம் நான் வரமாட்டேன். பழமை என்றால் எந்தப் பழமை? 1951-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாஸ்கா திருவிழிப்பை, அதாவது இந்தப் பெரிய சனி வழிபாட்டை, மறுபடி இரவுக்குக் கொண்டுவரும்வரை, அது சனிக்கிழமை காலையில் நடந்தது. நல்ல வெயிலில் நின்றுகொண்டு ‘இதுவே அந்த இரவு’ என்று லத்தீனில் பாடியிருக்கிறார்கள். அந்தப் பழமை யாருக்கு வேண்டும்? 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடு கிரகோரியன் பாடலுக்கு, அதாவது பழைய லத்தீன் ஒற்றைக்குரல் மெட்டுக்கு, முதலிடம் தருகிறது, அந்தந்த மக்களின் இசை மரபையும் மதிக்கச் சொல்கிறது. நமக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்று செய்யலாம். எழுபத்தைந்து வயது தாண்டியவர்களில் சிலருக்கு ‘கீரியே’, ‘சாங்க்துஸ்’ என்ற பழைய பூசைப் பாட்டுகள் இன்னும் மனப்பாடம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டும் மன்றாட்டு மாலையும் அந்த இரவில் உண்டு. அதில் ஊரின் பாதுகாவலரையும் மற்றப் புனிதர்களையும் சேர்த்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிறந்த நட்டாலம் நமக்குக் கூப்பிடு தூரம். அவர் பெயர் பட்டியலில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

தம்மாம் தம்பியின் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே கோவில் கிடையாது. நம்மூரில் நடு இரவு ஆகும்போது அவனுக்கு மணி ஒன்பதரை, வேலை முடிந்து வந்து அறையில் கைப்பேசியில்தான் பூசை பார்க்கிறான். நேரலை நன்றாக வர வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு வாசக மேடையில் ஒரு நல்ல மைக்கும், இருட்டிலும் எடுக்கிற கேமராவும் போதும். இசைக்குழு சத்தத்தில் கைப்பேசியில் இரைச்சல்தான் கேட்கும், இந்த வருஷமே பார்த்தோமே.

பன்னிரண்டு மணிக்கு உயிர்த்த ஆண்டவர் சுரூபம் மேலே எழும்புவதையும், வெடியையும் நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்காதீர்கள். அது இல்லாமல் என்ன ஈஸ்டர்! அந்த நேரத்தில் மணி, செண்டை, வெடி எல்லாம் ஒன்றாக வரட்டும். வெடிச் செலவில் பாதி என்னுடையது.

2027-ல் உயிர்ப்பு ஞாயிறு சீக்கிரமே வருகிறது, மார்ச் 28. பிள்ளைகளுக்கு அது பொதுத்தேர்வு நேரம், தவக்காலத்தில் ஆரம்பித்தால் ஒருவரும் பயிற்சிக்கு வரமாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே தொடங்கியாக வேண்டும். பாட்டு தெரிந்த ஒரு குருவையோ அருட்சகோதரியையோ அழைத்து, வண்டிச் செலவைச் சங்கம் ஏற்றால் போதும். ஊரில் இருப்பவர்களில் பங்குச் சாமியாரிடம் யார் பேசப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் நாம் இங்கிருந்து திட்டம் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. தேன்மெழுகு என்ன விலை என்று தேன்பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் விசாரித்தும் சொல்லுங்கள்.

தம்பி, இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் ரத்து செய்ய வேண்டாம், ஞாயிறு காலைப் பூசைக்கு வரமுடியுமா என்று கேட்டுப் பார்.