லீவு லெட்டரில் "காய்ச்சல்" என்று எழுதிய நாட்கள்

மகள் ஒன்பதாம் வகுப்பு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மனநல டாக்டரிடம் கூட்டிப் போகணும். அரசு ஆஸ்பத்திரியில் ஓபி காலையில்தான். சீட்டுப் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, மருந்து வாங்கி வெளியே வர மதியமாகிவிடும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நாலு மாசமாக ஒவ்வொரு தடவையும் "கடுமையான காய்ச்சல் காரணமாக" என்றே எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் அவளே கேட்டாள், "ஏம்மா, எனக்கு வந்திருக்கறது வெளிய சொல்லக்கூடாத வியாதியா?" அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அடுத்த முறை உள்ளதை எழுதி ஓபி சீட்டு நகலையும் வைத்தேன். வகுப்பு டீச்சர் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறார். அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் எச்.எம்.மைப் பார்த்து, 2017 மனநலச் சட்டத்தில் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமை இருக்கிறது சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. "இனிமே சீட்டை எங்கிட்ட மட்டும் காட்டுங்கம்மா" என்றார்.

—

அக்கா, நாங்கள் அமெரிக்காவில், இலினாய்ஸ் மாநிலத்தில் இருக்கிறோம். இங்கே 2022 ஜனவரியிலிருந்து பிள்ளைகள் ஆண்டுக்கு 5 நாள் வரை மனநலத்துக்காக லீவு எடுக்கலாம், டாக்டர் சீட்டு வேண்டாம், விட்ட பாடத்தையும் பிறகு செய்து கொடுக்கலாம். அப்படியிருந்தும் என் மகன் கேட்டபோது "வயித்துவலின்னு சொல்லிக்கலாம்டா" என்றேன். சட்டம் கொடுத்ததை நான் பிடுங்கப் பார்த்தேன். இரண்டாவது நாள் எடுத்ததும் பள்ளி கவுன்சிலர் கூப்பிட்டார். பயந்துபோய்ப் போனேன். பையன் சரியாகத் தூங்குகிறானா என்றுதான் முதலில் கேட்டார்.

—

சிபிஎஸ்இ பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும். உடம்பு சரியில்லாததற்குத் தளர்வு உண்டு, ஆனால் காகிதம் கேட்பார்கள். என் பையனுக்கு மாசக்கணக்கில் கவுன்சிலிங் போனோம், ஒரு சீட்டுகூட வாங்கி வைக்கவில்லை. கடைசியில் தேதி தேதியாக எழுதித் தரச்சொல்லி டாக்டர் வாசலில் நின்றேன். போகும்போதே வாங்கி வையுங்கள். கவுன்சிலர் எழுதித் தருவதைப் பள்ளியில் ஏற்கவில்லை, டாக்டர் கையெழுத்துதான் கேட்டார்கள்.

—

முதலில் எழுதிய நான்தான். நேற்றும் போய்விட்டு வந்தோம். லெட்டரை இந்தத் தடவை அவளே எழுதினாள்: "மருத்துவரைப் பார்க்கச் செல்வதால்." எந்த மருத்துவர் என்று யாரும் கேட்கவில்லை.