ஸ்காலர்ஷிப் இருக்கிறது, கல்லூரி இல்லை

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பன்னிரண்டாவது படிக்கும் என் மகளுக்கு ஜனவரியில் ஆர்மி ஆர்ஓடிசி (கல்லூரியில் படிக்கும்போதே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி தரும் திட்டம்) 4 வருட ஸ்காலர்ஷிப் கிடைத்தது. முழு டியூஷன், மாதம் 420 டாலர் கைச்செலவுக்கு. ஆனால் ராணுவம் தேர்ந்தெடுத்தாலும் கல்லூரி தனியாக இடம் தர வேண்டும். ஸ்காலர்ஷிப் எந்தக் கல்லூரிக்கு என்று வந்ததோ, அந்தக் கல்லூரி மார்ச் கடைசியில் கையை விரித்துவிட்டது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, விடியற்காலை ஓட்டத்தை மட்டும் விடவில்லை.

அப்பீல் செய்து பார்த்தோம், பலனில்லை. இடம் கிடைத்திருக்கும் மாநிலக் கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப்பை மாற்றச் சொல்லி விண்ணப்பித்தாயிற்று. அங்குள்ள ஆர்ஓடிசி அலுவலகத்துக்கு இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை. மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

மாற்றம் உறுதியாகும் முன்பே பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அப்புறம் ஸ்காலர்ஷிப் வந்ததா?