கீமோ ஏறும்போது ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்தபின் வாந்தி: என்ன செய்யலாம்?

போடி அப்பா:

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. தொடை எலும்பில், முழங்காலை ஒட்டி, ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின் என்று இரண்டு கீமோ மருந்து போகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை வாந்தி மருந்தை ஊசியிலேயே போட்டுவிடுகிறார்கள், பெரிய தொந்தரவு இல்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பிக்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறான். டிஸ்சார்ஜ் சீட்டில் எமிசெட் என்ற வாந்தி மாத்திரை இருக்கிறது, பக்கத்தில் 'வாந்தி இருந்தால்' என்று எழுதியிருக்கிறார்கள். வாந்தி வந்தபின் கொடுத்தால் அந்த மாத்திரையும் சேர்ந்தே வெளியே வருகிறது.

இன்னொன்று. போன தடவை மருந்து ஏறுவதற்கு முன்பே, பஸ் ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பியதும் வாந்தி எடுத்தான். என் அம்மா, 'போகப் பிடிக்காமல் பாசாங்கு பண்ணுறான்' என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இஞ்சிக் கஷாயம் கொடு என்கிறான் நண்பன் ஒருவன். இதையெல்லாம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் அம்மா:

அண்ணா, என் மகளுக்கும் இதே நோய், இதே இரண்டு மருந்து. சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், காலை லேசாகச் சாய்த்து நடப்பாள், அவ்வளவுதான்.

பாட்டியிடம் முதலில் சொல்லுங்கள், அது பாசாங்கு இல்லை. என் மகள் ஸ்பிரிட் பஞ்சு வாசனைக்கே எடுத்துவிடுவாள். டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அந்த இடம், அந்த வாசனை, அதன் பின்னால் வரும் வாந்தி, மூன்றையும் மூளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும் என்றார். அதற்கென்று லோராசிபாம் என்ற, பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கீமோவுக்கு முந்தின ராத்திரியும் அன்று காலையும் கொடுக்க. அரைத்தூக்கத்தில் வந்து கட்டிலில் படுத்துக்கொள்வாள். காதில் ஹெட்போன், கையில் ஒரு எலுமிச்சம்பழம். பழம் வாசனையை மறைக்கத்தான், வேறு மகிமை எதுவும் இல்லை.

சீட்டில் உள்ள 'வாந்தி இருந்தால்' என்பதை மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள், வாந்தி இருக்கிறதோ இல்லையோ. நான் ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு வாந்தி, எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று எழுதி வைத்தேன். வாயால் 'ரொம்ப வாந்தி டாக்டர்' என்றபோது கிடைக்காத கவனம் அந்த நோட்டுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் அப்ரெபிட்டன்ட் என்ற இன்னொரு வாந்தி மருந்தைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வாந்தி சுத்தமாக நிற்கவில்லை, ஆனால் மனுஷியாக எழுந்து உட்கார்ந்தாள்.

சாப்பாடு விஷயம்: சூடு ஆகாது. சூடான சாப்பாட்டில் வாசனை அதிகம். நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே ஓட்டல், தாளிக்கிற நேரம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். ஆறிய இட்லி, ஆறிய தயிர்சாதம் இரண்டு கரண்டி, பொரி, இப்படி ஏதாவது. தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காமல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் ஓஆர்எஸ். வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கிவிட்டுப் பீங்கானில் கொடுத்தேன், கொஞ்சம் பரவாயில்லை என்றாள். அப்புறம் உறவுக்காரர்கள். போனில் கூப்பிட்டு 'சாப்பிட்டியாடா கண்ணு' என்று எட்டுப் பேர் கேட்டால் பிள்ளைக்குக் குமட்டாமல் என்ன செய்யும்? போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வார்டு சிஸ்டர்:

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். கரூர் அம்மா சொன்னதோடு சிலது சேர்க்கிறேன் சார்.

முதல் 24 மணி நேர வாந்தியும் அதற்குப் பிந்தைய வாந்தியும் வேறு வேறு. முதல் நாள் குடலிலிருந்து செரோடோனின் என்ற, வாந்தியைத் தூண்டும் பொருள் நிறைய வெளியாகும். ஒண்டான்செட்ரான், அதாவது உங்கள் எமிசெட், அதைத் தடுக்கும். பிந்தைய வாந்தியில் பெரிய பங்கு மூளையில் வேலை செய்யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளுக்கு. அங்கே எமிசெட் மட்டும் சரியாகக் கேட்காது. சிஸ்பிளாட்டின் இதற்குப் பேர்போனது, 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் அப்ரெபிட்டன்ட்டைக் கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் அடுத்த இரண்டு நாளும் கொடுக்கிறோம். 6 மாதக் குழந்தை முதலே கொடுக்கலாம், அளவு எடையைப் பொறுத்தது. வாந்திக்கே கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தால், அந்த ஸ்டீராய்டின் அளவைப் பாதியாகக் குறைப்பார்கள். இவை போதாவிட்டால் ஓலான்சபின் என்ற மருந்து இருக்கிறது, பிள்ளை நன்றாகத் தூங்கும். எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அடுத்த அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கீமோவுக்கு முன் தோன்றும் வாந்தியும், பின்னால் வருவதை அடக்கினால்தான் குறையும்.

மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் நீங்களாகத் திரும்பக் கொடுக்காமல் வார்டுக்குப் போன் பண்ணுங்கள். எமிசெட் மலச்சிக்கல் உண்டாக்கும், மலச்சிக்கலே குமட்டலைக் கூட்டும். ஆனால் கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, குறைந்திருக்கும் நாட்களில் எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து எதுவும் கூடாது.

இஞ்சி பற்றி: டெல்லி எய்ம்ஸில் எலும்புப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் இஞ்சிப் பொடி கொடுத்து ஆராய்ந்து, 2011-இல் வெளியிட்டார்கள். வாந்தி குறைந்தது உண்மை. ஆனால் அது வழக்கமான மருந்துகளோடு கூடுதலாகக் கொடுத்தது. பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணு, குறைந்த பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பெயர் தெரியாத கஷாயப் பொடி எதுவும் வேண்டவே வேண்டாம்.

அவனுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாட்டைக் கீமோ அன்று கொடுக்காதீர்கள். 1978-இல் அமெரிக்காவில், கீமோவுக்கு முன் ஒரு புது ஐஸ்கிரீம் சாப்பிட்ட பிள்ளைகள் பலர் அப்புறம் அதைத் தொடவில்லை என்று ஒரு ஆய்வு வந்தது. பாசத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஆயுசுக்கும் பிரியாணியை வெறுக்க வைக்கிற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. குடித்தது எதுவும் உள்ளே நிற்காவிட்டாலோ, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, வாந்தியில் ரத்தமோ பச்சையோ தெரிந்தாலோ, துவண்டு போனாலோ, 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி வாருங்கள். கீமோ முடிந்த 48 மணி நேரம் வாந்தியைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சேலம் ராஜி:

என் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசிக்கு வாந்தி அவ்வளவாக இல்லை, மலச்சிக்கல்தான் பாடாய்ப் படுத்தியது. சிஸ்டர் சொன்னது சரி. பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள் அண்ணா, ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு குணம்.

போடி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வார்டுக்குப் போன் போட்டேன். அப்ரெபிட்டன்ட் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகவும், எமிசெட்டை இனி நேரம் குறித்து எழுதித் தருவதாகவும் சொன்னார்கள். அம்மாவிடம் சிஸ்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, எலுமிச்சம்பழம் வாங்கி வா என்றார். ஒரு சந்தேகம்: அந்தத் தூக்க மாத்திரை கொடுத்தால் பஸ்ஸில் கூட்டிப்போக முடியுமா?

கரூர் அம்மா:

தள்ளாடுவான் அண்ணா, ஊன்றுகோலோடு ஏறி இறங்க விடாதீர்கள். அன்றைக்கு மட்டும் கார் பாருங்கள். முடியாவிட்டால் முந்தின சாயங்காலமே போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிவிட்டு, ராத்திரி அங்கே வைத்து மாத்திரையைக் கொடுங்கள். காலையில் வீல்சேர் கேட்டால் வாசலுக்கே கொண்டுவருவார்கள்.