ஹெட்செட் மாட்டியபோது உங்களுக்கு நடந்தது என்ன? பெட்டி முதல் விஷன் ப்ரோ வரை

மலைக்கோட்டை:
என்னிடம் இருப்பது குவெஸ்ட் 3எஸ், மெட்டாவின் விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட். மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது 299 டாலருக்கு வாங்கி வந்தார். ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன். போன ஞாயிறு நண்பன் வீட்டில் குவெஸ்ட் 3 மாட்டிப் பார்த்தேன், அதோடு போயிற்று.

இரண்டிலும் ஒரே சிப், ஒரே கேம்கள். பெரிய திரையில் படம் போட்டுவிட்டு, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினேன். ஓரத்தில் இருந்த பொடி எழுத்துகூடப் பளிச்சென்று நின்றது. வீட்டில் அதையே பார்க்கக் கோழி மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. 3எஸ்ஸில் குவெஸ்ட் 2 காலத்து ஃப்ரெனல் லென்ஸ் (வளைய வளையமாக வரி போட்டது), 3இல் பேன்கேக் லென்ஸ் (மெல்லிய புது ரகம்) என்று படித்துவிட்டுத்தான் வாங்கினேன். இப்போது என் செட்டை மாட்டினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைச் சுற்றிச் சிதறும் ஒளிதான் முதலில் கண்ணில் படுகிறது. வேறு யாருக்காவது இப்படி ஏதாவது உறுத்துகிறதா?

பொரிகடலை:
லென்ஸுக்கா இந்த அழுகை? எங்கள் ஊர்ப் பொருட்காட்சிக்கு வாருங்கள். போனைச் செருகும் பிளாஸ்டிக் பெட்டி, ரோலர் கோஸ்டர் வீடியோ. சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து மாட்டினோம். இருபது வருடம் லாரி ஓட்டிய மனிதர். முதல் இறக்கத்தில் வலது காலை ஓங்கித் தரையில் ஊன்றினார். பிரேக்! வண்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை ஊன்றினார். மூன்றாவது இறக்கத்துக்கு முன்னால் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "என்னடா, பிரேக் இல்லாத வண்டி எப்படி இருக்கு?" என்பார்.

அந்தப் பெட்டிகளுக்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும். முன்னால் சாய்ந்தால் உலகமும் கூடவே சாய்ந்துகொண்டு வரும். 2018இல் 199 டாலருக்கு வந்த ஆகுலஸ் கோ ஹெட்செட்டும் இதே ரகம்தான். அடுத்த வருடம் வந்த முதல் குவெஸ்ட், நாம் நடப்பதையும் குனிவதையும் சேர்த்துப் பிடித்தது, விலை 399. மலைக்கோட்டை, உங்கள் 299க்கும் நண்பரின் குவெஸ்ட் 3 வந்த 499க்கும் நடுவில் இருப்பது சொகுசு. பெட்டிக்கும் 299க்கும் நடுவில் இருப்பது வாந்தி.

கிளமெண்டிவாசி:
ஆபீசில் ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட் ஒன்று வாங்கினார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். கண்ட்ரோலர் கிடையாது, பட்டனைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைச் சேர்த்தால் போதும். அதெல்லாம் யூடியூபில் பார்த்ததுதானே என்று அலட்சியமாகத்தான் இருந்தேன். டைனோசர் வரும் ஆப்பில் கையை நீட்டினேன், ஒரு பட்டாம்பூச்சி பறந்து வந்து விரலில் உட்கார்ந்தது. குறுகுறுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குறுகுறுத்தது. எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போதும் அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே போனேன்.

3499 டாலர் கொடுத்து வாங்க மாட்டேன். முகத்தில் அறுநூறு கிராமுக்கு மேல், பேட்டரி தனியாகப் பாக்கெட்டில். ஆனால் அந்த விரல்...

கண்ணாடிக்காரன்:
என் கதை சின்னது. துணி எடுக்க மாடிக்குப் போனபோது ஹெட்செட்டைக் கைப்பிடிச் சுவரில் மல்லாக்க வைத்தேன். ஐந்து நிமிட வெயில். அன்றிலிருந்து எந்த உலகத்துக்குப் போனாலும் இடது கண்ணில் ஒரு மஞ்சள் புழு நெளிகிறது. பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்து விளையாடியவனுக்கு இது தெரியாமல் போனதுதான் கேவலம்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். இரண்டு கண்மணிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணாடிக் கடையில் அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் லென்ஸ் இடைவெளிக்கு மூன்றே படிகள்: 58, 63, 68. உங்கள் அளவு இவற்றுக்கு நடுவில் விழுந்தால் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். குவெஸ்ட் 3இல் சக்கரத்தைத் திருகி வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் செருகி ஒன்று செய்துகொள்வது நல்லது, கண்ணாடி உரசினால் ஹெட்செட் லென்ஸில் கீறல் விழும். தலை சுற்ற ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகாது. சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 திரை அருமை, ஆனால் பிஎஸ்5 கன்சோலோ, அடாப்டரோடு கேமிங் கம்ப்யூட்டரோ இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அப்புறம், ஆடும்போது ஃபேன் காற்று முகத்தில் படட்டும், குமட்டல் குறையும்.

பொரிகடலை:
யார் சார் இதையெல்லாம் கேட்டது?

மூணாவதுமாடி:
ஃபேன் என்றதும் எழுத வந்துவிட்டேன். தரையில் எல்லைக்கோடு போட்டுக்கொள்ளலாம், கோட்டுக்கு அருகே போனால் வலை மாதிரி சுவர் எழும்பும். தலைக்கு மேல் சுற்றும் ஃபேனுக்கு யார் கோடு போடுவது? டேபிள் டென்னிஸில் உயர வந்த பந்து, கையை ஓங்கினேன். டங்! உள்ளே பாயின்ட் எனக்கு. கழற்றிப் பார்த்தால் விரல் மூட்டில் ரத்தம், ஃபேன் இறக்கை வளைந்திருக்கிறது. அறையைக் கலரில் பார்த்துக்கொண்டே ஆடும் செட் அப்போது என்னிடம் இல்லை. அந்த ஃபேன் இன்னும் கடகடவென்றுதான் சுற்றுகிறது. அம்மா படுக்கும்போது தினமும் ஒருமுறை அதைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார்.

ஸ்கார்பரோ:
எங்களிடம் இருந்தது யாரோ பாவித்துவிட்டு விற்ற குவெஸ்ட் 2. அம்மாவுக்கு மாட்டிவிட்டு, நல்லூர் வாசலில் எடுத்த 360 பாகைப் படமொன்றைப் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நின்ற இடத்திலேயே வீட்டுச் செருப்பைக் கழற்றினார், ஒன்றை மற்றதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். கும்பிடக் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கியபோது ஹெட்செட்டில் இடித்தது. "என்னடா இது குறுக்கால" என்றார். கோபுரம் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும், படம் அவ்வளவு பழசு. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கச்சான் விற்கிற ஆச்சி எங்கே என்றுதான் கேட்டார்.

கண்ணாடிக்காரன்:
ஸ்கார்பரோ, அடுத்த முறை அம்மாவை உட்காரவைத்து மாட்டுங்கள். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம். மலைக்கோட்டை, உங்கள் 3எஸ்ஸில் லென்ஸ் எந்தப் படியில் நிற்கிறது? ஒரு படி தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.