ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

காலை 5.12
வேலாயுதம்: நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து கிளம்பிவிட்டோம். ஆறாம் நாள், கடைசி நாள். 14 சைக்கிள், பின்னால் ஒரு வேன். கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். பத்து மணிக்குக் கடலில் நிற்பேன்.
தங்கராஜ்: புரோகிதர் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.
தங்கராஜ்: பத்தரை.
கார்த்திக்: சித்தப்பா, நேற்று இருட்டுக்கடையில் அல்வா வாங்கினீர்களா?

6.51
வேலாயுதம்: (படம்) நாங்குநேரி சுங்கச்சாவடி. நமக்குக் கட்டணம் இல்லை.
செல்வி: கையில் என்ன?
வேலாயுதம்: வாழைப்பழம், அக்கா.
செல்வி: ஆடி அமாவாசையன்று. தர்ப்பணத்துக்கு முன்னால்.
வேலாயுதம்: மணிக்கு முப்பது கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகாவிட்டால் கால் நின்றுவிடும். பழம் விரதத்தைக் கெடுக்காது.
மீனா: பழம் மட்டும்தானா?
வேலாயுதம்: நான்கு இட்லியும்.
தங்கராஜ்: நல்லது.

8.04
செல்வி: வள்ளியூர் வந்ததும் நேராக வீட்டுக்கு வாருங்கள். நான்கு பேருக்கு உலை வைத்திருக்கிறேன்.
வேலாயுதம்: பதினான்கு பேர் அக்கா. வேன் ஓட்டுநர் தனி.
செல்வி: நேற்றுப் போனில் நான்கு என்றாயே!
மீனா: அவர் பதினான்கு என்றுதான் சொன்னார், மதினி. நான் பக்கத்து லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.
செல்வி: எப்படியும் காக்கைக்கு வைக்காமல் இலை போட முடியாது. இவர் குளத்திலிருந்து இன்னும் வரவில்லை.

9.26
தங்கராஜ்: எங்கே?
வேலாயுதம்: வள்ளியூரைத் தாண்டிவிட்டேன். மணிக்கு 22 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 13-இல் ஊர்கிறது. காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. எதிர்க்காற்று என்றால் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளலாம். பக்கக்காற்றில் அவருக்குச் சற்று இடப்புறம் தள்ளி, சாய்வரிசையாகப் போக வேண்டும். இரண்டாவது ஆளிலேயே தார் முடிந்து மண் வந்துவிடுகிறது. இதில் லாரி வேறு. வலப்பக்கம் லாரி வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்தே ஓட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே லாரிப் பக்கம் சரிவான். அது கடந்த மறுநொடி காற்று இடப்பக்கம் தள்ளும். இதுவரை நாற்பது லாரியாவது போயிருக்கும்.
தங்கராஜ்: எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டேன்.
செல்வி: அம்மி பறக்கிற மாதத்தில் உன்னை யார் கிளம்பச் சொன்னது?
மீனா: நானும் அதைத்தான் கேட்டேன். லாரியைப் பற்றி என்னிடம் எவரும் சொல்லவில்லை.

10.19
வேலாயுதம்: (படம்) பணகுடிக்கு அருகே பஞ்சர். லாரி டயர் வெடித்தால் உள்ளிருக்கும் கம்பி நூல் சாலையில் கிடக்கும். ஊசியைவிட மெலிது, கண்ணுக்கே தெரியாது. டியூபை மாற்றினாலும் டயரிலிருந்து அதைப் பிடுங்காவிட்டால் மறுபடியும்
தங்கராஜ்: மாப்பிள்ளையிடம் கார் இருக்கிறது. ஏறி வா.
வேலாயுதம்: சென்னையிலிருந்து மிதித்துவிட்டுக் கடைசி முப்பது கிலோமீட்டருக்குக் காரா?
தங்கராஜ்: திருச்செந்தூருக்குச் சைக்கிளில் போய் பஸ் கூரையில் திரும்பியவன்தானே.
வேலாயுதம்: கூரையில் ஏற்றியது அப்பாவின் சைக்கிள். ஒரு கீறல் விழவில்லை. அதைக் காயலான்கடையில் 150 ரூபாய்க்குப் போட்டது நான் இல்லை.

10.47
கார்த்திக்: அல்வா?

11.05
செல்வி: இருவருக்கும் சேர்த்து அண்ணனே எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடட்டும்.
தங்கராஜ்: பாகம் பிரித்தவர்கள் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.
மீனா: பாகம் யார் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள், அத்தான்.
செல்வி: இன்றைக்கு வேண்டாம் மீனா.
மீனா: சரி மதினி.

11.32
வேலாயுதம்: காவல்கிணறு. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் தெரிகின்றன. எல்லாம் மும்முரமாகச் சுற்றுகின்றன. அவற்றுக்கு நல்ல நாள்.
தங்கராஜ்: (படம்) சங்கமத்தில் கூட்டம். புரோகிதர் அடுத்த ஆளை உட்கார வைத்துவிட்டார்.
வேலாயுதம்: நீங்கள் கொடுத்துவிட்டீர்களா?
தங்கராஜ்: இல்லை.
வேலாயுதம்: ஏன்?
தங்கராஜ்: எள், தர்ப்பை எல்லாம் இரண்டு பங்கு வாங்கி வைத்திருக்கிறேன். லாரி பார்த்து வா.
செல்வி: இவர் வந்துவிட்டார். காக்கையைத்தான் காணவில்லை. மூன்று மணிக்கு இலை போடவா? அத்தனை பேரும் வேனில் வருவீர்களா?
வேலாயுதம்: ஒருவர் மட்டும் இங்கிருந்தே நாகர்கோவில் போகிறாராம். இன்னும் முடிவாகவில்லை.
செல்வி: சாப்பிட்டுவிட்டுப் போனால் என்னவாம்?
கார்த்திக்: அல்வா வேனில் இருக்கிறதா என்றாவது சொல்லுங்கள்.